மூன்றாம் பாத்தி மொட்டு விடவில்லை

அத்ஸுமி
செப்டம்பர் 30, 1962

அன்புள்ள ஹருயே அக்காவுக்கு,

தெய்ஜி எழுதுகிறேன். இங்கே வெயில் தணிந்துவிட்டது, கடல்காற்று மட்டும் ஓயவில்லை. அத்தானுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நகோயா புகையில் உன் இருமல் கூடாமல் இருக்கிறதா?

புயலுக்குக் கண்ணாடிக் கொட்டகையில் நாலு சட்டம்தான் போயிற்று. சாமந்தி முழங்காலுக்கு மேல் நிற்கிறது. நீ கல்யாணமாகிப் போனபோது நம் நிலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு ஏது? அதனால்தான் போன தடவை அத்தான், "நட்ட நடு ராத்திரியில செடிக்கு எதுக்குடா விளக்கு?" என்று சிரித்தார். அவருக்குச் சொல். சாமந்தி, ராத்திரி நீளமாகிறது என்று தெரிந்தால்தான் பூக்கும். தானாக விட்டால் நவம்பரிலேயே பூத்துவிடும்; அப்போது எல்லார் வீட்டிலும் பூ, யாருக்கு வேண்டும்? அதனால் தினமும் நடுராத்திரியில் மூன்று மணி நேரம் பல்புகளை எரியவிட்டு, இன்னும் கோடைதான் என்று நம்ப வைக்கிறோம். அக்டோபர் 20 அன்று அணைத்துவிடுவேன். அதற்குப் பின் ராத்திரியில் ஒரு துளி வெளிச்சம் படக்கூடாது. மூன்று வாரத்தில் மொட்டு, புத்தாண்டுக்குப் பூ.

பக்கத்துக் கொட்டகை வதராய் இந்த வருஷமும் என்னைவிட அதிகம் நட்டிருக்கிறான். போன வருஷம் பூ விவசாயிகள் சங்கத்துப் போட்டியில் நான் முதலாவது, அவன் இரண்டாவது. அன்றிலிருந்து வணக்கம் சொல்லும்போது தலை பாதிதான் குனிகிறது. என் பெண்டாட்டி கினுவிடம் மட்டும் நின்று பேசுவான். அவனுடைய செத்துப்போன மனைவியும் கினுவின் தீவுக்காரிதானே. அந்தத் தீவுப் பேச்சைக் காதால் கேட்க ஆசையாம்.

நீ கினுவுக்கு அனுப்பிய பொட்டலம் வந்தது. என்ன என்று கேட்டேன். "ஒட்டுப் போடப் பழந்துணி" என்றாள். எதற்கு உனக்கு இந்தச் செலவு?

அத்தானுக்கு என் வணக்கம்.

தெய்ஜி

---

நகோயா
அக்டோபர் 9

தம்பி தெய்ஜிக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. அத்தானுக்கு வலி இருக்கிறது, வாயும் இருக்கிறது. விளக்கு விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "செடியையே ஏமாத்தறானா உன் தம்பி?" என்கிறார். என் இருமல் பழைய இருமல்தான்.

பொட்டலத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பெண்பிள்ளைச் சாமான். அதைக் கிண்டாதே.

கினு மெலிந்திருந்தாள், கோடையில் பார்த்தபோது. நன்றாகச் சாப்பிடுகிறாளா? அவளாக எதுவும் கேட்க மாட்டாள். நீயாகக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹருயே

---

அத்ஸுமி
நவம்பர் 13

அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நேற்று காலை மொட்டுப் பார்க்கப் போனேன். முதல் பாத்தியில் மிளகளவு மொட்டு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாம் பாத்தியில், பூ கட்டும் மேசை இருக்கிற கோடியில், ஒன்றுகூட இல்லை. மேசையைச் சுற்றி வட்டம் போட்டதுபோல இலை இலையாக வளர்ந்து நிற்கிறது. கிட்டத்தட்ட நூற்றைம்பது செடி. நோயா என்று பார்த்தேன், பூச்சியா என்று பார்த்தேன். இலை பளபளவென்று இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்னும் கோடை முடியவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் விளக்கணைத்த பிறகும் யாரோ ராத்திரியில் வெளிச்சம் காட்டுகிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

வதராய்தான். வேறு யார்? அவன் வேலி எனக்கு நாற்பது அடி தூரம்.

யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது கினுவிடம் மட்டும் சொன்னேன்.

"ஒரே ஒரு பல்பா இருந்தாக்கூட பூக்காம போயிடுமா?" என்றாள்.

"ஒண்ணு போதும். பக்கத்துல இருந்தா ஒரு மணி நேரமே போதும். மொத்த ராத்திரியும் பாழ்."

"நான் நூறு பல்பு எரிஞ்சாதான்னு நினைச்சேன்."

"நூறு பல்பு எதுக்கு? முழுக் கொட்டகைக்கும் எட்டணும்ல, அதுக்கு."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பின் சாப்பிடவில்லை. பாவம், பயிரை நினைத்துக் கவலை.

இன்று முதல் நான் கொட்டகையிலேயே படுக்கப் போகிறேன். கையில் அகப்படட்டும்.

தெய்ஜி

---

நகோயா
நவம்பர் 19

தம்பிக்கு,

நலமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அத்தானுக்குக் கால்சூடு பண்ணும் கரியடுப்பை இறக்கிவிட்டோம்.

நூற்றைம்பது செடிக்காக மனுஷனைப் பகைத்துக்கொள்ளாதே. வதராய் நம் அப்பா சாவின்போது முன்னால் நின்று சவப்பெட்டி சுமந்தவன். நாற்றில் ஏதாவது வேறு சாதி கலந்திருக்கும். இல்லாவிட்டால் ரோட்டில் போகிற லாரி விளக்காக இருக்கும். குளிரில் கொட்டகையில் படுத்து நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளாதே, வீட்டுக்குள் போய்ப் படு.

கினு ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாளா?

உங்கள் நலம் விரும்பும்,
ஹருயே

---

அத்ஸுமி
நவம்பர் 26

அக்காவுக்கு,

அத்தான் நலமா? எனக்கு நீ சொன்ன மாதிரியே சளி.

லாரி விளக்கு இல்லை. விவசாய ஆலோசகர் ஒனோதாவைக் கூட்டிவந்து காட்டினேன். சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், மண்ணில் மண்டியிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். வட்டத்துக்குள்ளேயே ஒரு பட்டை மட்டும் மொட்டு விட்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பட்டை.

"இது தொட்டியோட நிழல்," என்றார். "நிழல்ல இருந்த இலைக்கு வெளிச்சம் படல, அது ராத்திரியை ஒழுங்கா அளந்து மொட்டு விட்டிருச்சு. செடிக்குக் கண்ணு இலையிலதான் இருக்கு. நாம பகலைத்தான் அளக்குதுன்னு நினைக்கறோம். அது அளக்கறது இருட்டை. அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. இருட்டு தொடர்ந்து இவ்வளவு நேரம் இருந்தா மொட்டு. நடுவுல யாராவது வெளிச்சம் காட்டினா, அளந்த இருட்டு கணக்குல சேராது, மறுபடி முதல்லேருந்து."

பிறகு நிழல் விழுந்த பக்கத்திலிருந்து கையால் நேர்கோடு பிடித்து, மேசைக்கு வந்தார். மேசையோரம் தொங்குகிற தனிப் பல்பைப் பார்த்தார். பூ கட்டும்போது போடுவோமே, அது.

"வெளியிலேருந்து வரல. உள்ளே யாரோ இந்த விளக்கைப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

யோசித்துப் பார், அக்கா. உள்ளே வந்திருக்கிறான்! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நேரே சங்கத்துச் சரக்குக் கொட்டகைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வதராய், என் செடி பூக்கல. என் கொட்டகைல ராத்திரி உனக்கு என்ன வேலை?"

"என்ன உளறே?"

"ரெண்டாவது வந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலியா?"

அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தான். "தெய்ஜி, உன் செடி பூக்கலேன்னா உன் வீட்டுல பாரு. என் வீட்டுல தேடாதே."

எல்லாரும் கேட்டார்கள். என்ன அர்த்தத்தில் சொன்னான் அவன்?

பத்து ராத்திரி கொட்டகையில் படுத்தேன். யாரும் வரவில்லை. நான் படுக்கிறேன் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று. போன கடிதத்தில் கினு ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்டிருந்தாய். சாப்பிடுகிறாளா என்று கேட்பாய், வேலை அதிகமா என்று கேட்பாய். தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்டாய்?

தெய்ஜி

---

நகோயா
டிசம்பர் 1 (அஞ்சலட்டை)

தம்பிக்கு. எல்லாரும் சுகம். சும்மாதான் கேட்டேன், பெண்களுக்கு இந்த வயசில் தூக்கம் வராது. வதராயிடம் போய் மன்னிப்புக் கேள். அவன் செய்திருக்க மாட்டான். இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. ஹருயே.

---

அத்ஸுமி
டிசம்பர் 8

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. இந்தக் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

முந்தாநாள் மூன்றாம் பாத்தியில் மொட்டு கண்டேன். வட்டத்துக்குள். மிளகளவு, எல்லாச் செடியிலும் ஒரே நாளில். ஒனோதா வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"இருபத்து மூணு, இருபத்து நாலு நாளாச்சு இதுக்கு முழு இருட்டு கிடைக்க ஆரம்பிச்சு. நவம்பர் பன்னிரண்டு, பதிமூணுக்கு மேல யாரும் விளக்குப் போடல. அன்னிக்கு என்ன நடந்தது?"

நான் ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

நவம்பர் 12 ராத்திரி நான் கினுவிடம் சொன்னேன். உலகத்தில் அவளிடம் மட்டும். மறுநாள்தான் கொட்டகையில் படுக்கப் போனேன். அதற்கு முந்தைய ராத்திரியே விளக்கு நின்றுவிட்டது. மனுஷர் யாரும் எனக்கு உண்மை சொல்லவில்லை. செடி தேதியோடு சொல்லிவிட்டது.

அதற்குப் பின் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அக்டோபர் கடைசியில் விடியற்காலையில் அவள் பாதம் என் காலில் பட்டது, பனிக்கட்டி மாதிரி இருந்தது. "கழிவறைக்குப் போனேன்" என்றாள். மேசைக்கு அடியில் தேடினேன். விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கிடந்தது. எனக்கு அவள் எதுவும் பின்னித் தரவில்லை. நேற்று வதராய் சங்கத்துக்கு வந்தான், கழுத்தில் சிவப்புக் கம்பளித் துண்டு. அவன் கழுத்தில் அதை நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் வீட்டில் பாரு என்றானே.

கினுவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று பயமாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறாள், நான் அவள் கையையே பார்க்கிறேன்.

நீ பொட்டலம் அனுப்பினாய். கிண்டாதே என்றாய். தூக்கத்தைக் கேட்டாய். வதராய் செய்திருக்க மாட்டான் என்று சத்தியம் செய்கிற மாதிரி எழுதினாய். உனக்குத் தெரியும். சொல். இல்லாவிட்டால் எனக்கு அக்காவும் இல்லை.

தெய்ஜி

---

நகோயா
டிசம்பர் 10 (விரைவுத் தபால்)

தெய்ஜி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை கினுவிடம் ஒரு வார்த்தை பேசாதே.

கம்பளி நூல் நான் அனுப்பியது. சிவப்பு. அவள் தன் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னினாள்.

ஆமாம், மகள். ஸாயோ. முதல் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவன் வீட்டார் குழந்தையை விடாமல் வைத்துக்கொண்டார்கள், தாயை அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரியாத கதையா? பெண் பார்க்கப் போனபோது அவளே உன்னிடம் சொன்னாள், நானும் பக்கத்தில் இருந்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அந்தக் கதையெல்லாம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது." அவள் தலையைக் குனிந்து சரி என்றாள். நாலு வருஷமாக அந்தப் பெயரை உன் வீட்டுக்குள் உச்சரிக்கவில்லை.

ஸாயோவுக்குப் பதினாறு முடிந்தது. போன வசந்தத்தில் இங்கே நூற்பாலைக்கு வேலைக்கு வந்தாள். என் வீட்டு முகவரி எப்படிக் கிடைத்ததோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வர மாட்டேன் என்றாள். "எங்க அம்மா உசிரோட இருக்காங்களா? இருக்காங்கன்னா ஏன் வரல?" இரண்டே கேள்வி. எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

கோடையில் கினுவிடம் சொன்னேன். அன்று அவள் அழுத அழுகையை நீ பார்க்கவில்லை, வயலில் இருந்தாய். உன்னிடம் சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டாளாம். "வீட்டுக்குள்ளதானே கூடாதுன்னார், அண்ணி. கண்ணாடிக் கொட்டகை வீடு இல்லையே?" என்று என்னையே கேட்டாள். உன் நூறு பல்பும் அணைந்த பிறகு, நீ அடித்துப் போட்டது மாதிரி தூங்குகிற நேரத்தில், அங்கே போய் அந்த ஒற்றைப் பல்புக்கடியில் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். செடிக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நீ சொன்னவுடன் நிறுத்திவிட்டாள். ஒரு கை இன்னும் பின்னவில்லை என்று எனக்கு எழுதியிருந்தாள்.

நான் மறைத்தது தப்பு. வதராயை நீ அவமானப்படுத்திய பிறகும் மறைத்தது பெரிய தப்பு. ஆனால் என் தம்பி, கட்டின மனைவியிடம் கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரன் கழுத்துத் துண்டின் நிறத்தைப் பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை.

ஹருயே

---

அத்ஸுமி
டிசம்பர் 17

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கினு பணிவோடு எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் கையெழுத்து மோசம், மன்னியுங்கள். பகலில் தபாலாபீஸ் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். வெந்நீர் வைத்தால் குளிக்கிறார். நான் திரும்பினால் என்னைப் பார்க்கிறார், நான் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார். மேசையோரம் இருந்த பல்பைக் கழற்றிவிட்டார். துணிப் பெட்டியில் ஸ்வெட்டரை வைத்த மடிப்பு மாறியிருக்கிறது. எடுத்துப் பார்த்திருக்கிறார்.

திட்டினால் தாங்கிக்கொள்வேன், அண்ணி. இது முடியவில்லை. முதல் வீட்டிலும் இப்படித்தான் ஒரு வாரம் யாரும் பேசவில்லை. எட்டாம் நாள் மூட்டையைக் கையில் கொடுத்தார்கள். அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. இங்கேயும் தெரிகிறது.

பூ வெட்டி முடிக்கும்வரை இருப்பேன். ஆள் பற்றாது, அவர் தனியாகச் செய்ய முடியாது. அதற்குப் பின் உங்கள் ஊரில் ஏதாவது சமையல் வேலை கிடைக்குமா? ஸாயோவிடம் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் வருவேன் என்று நம்பி, வராமல் போனால் இரண்டாவது தடவை ஆகிவிடும்.

கினு

---

நகோயா
டிசம்பர் 19

கினுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவனிடம் சொன்னது நான். எங்கேயும் போகாதே. மூட்டை கட்டாதே. கட்டியிருந்தால் பிரி.

ஹருயே

---

அத்ஸுமி
ஜனவரி 4, 1963

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புது வருஷம் உங்கள் வீட்டில் நல்லபடியாகப் பிறந்திருக்கும். இங்கே எப்படிப் பிறந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். இதை அத்தானுக்குப் படித்துக் காட்டலாம்.

உன் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். பிறகு ஒரு வாரம் கினு முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபம் என்று அவள் நினைத்தாளாம். எனக்கு இருந்தது வெட்கம். நாலு வருஷம் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் மறந்ததை அவள் ஒவ்வொரு நாளும் காப்பாற்றியிருக்கிறாள்.

புத்தாண்டுப் பூவின் கடைசிப் பெட்டி லாரியில் ஏறிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் மூட்டை. இவள் கூந்தலைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வழியெல்லாம் ஏதேதோ பேச யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"இன்னொரு கை எப்ப பின்னப் போறே?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் பல்பை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினேன். நூறு வாட். "இங்க உக்காந்து பின்னு. பகல்லயும் பின்னு. ஆலைக்குப் புத்தாண்டு லீவு உண்டுதானே, வரச்சொல்லி எழுது" என்றேன்.

பிறகு கேட்டாள். "என்னை என்னன்னு நினைச்சீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். வதராய் என்று சொன்னேன். முதலில் சிரித்தாள். "அவரா? குறட்டை விட்டா தீவு வரைக்கும் கேக்கும்னு அவர் பொண்டாட்டி சொல்வா." பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அது என்ன மாதிரி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

வதராய் வீட்டு வாசலில் போய்க் குனிந்தேன். கதவைப் பாதிதான் திறந்தான். "பதினஞ்சு பேர் முன்னாடி திட்டினே. மன்னிப்பை மட்டும் என் வாசல்ல ரகசியமா கேக்கறியா?" நியாயம்தானே. மறுநாள் சங்கக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் தரையில் கைவைத்துக் கேட்டேன். சிவப்புத் துண்டு அவன் மனைவியுடையதாம். கழுத்து வலிக்காக எடுத்துப் போட்டானாம். உன் வீட்டில் பாரு என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "ராத்திரி வேலிப் பக்கம் வந்தப்போ உன் கொட்டகைல கினு தனியா உக்காந்து பின்னிக்கிட்டே அழறதைப் பார்த்தேன். நீ அடிக்கறியோன்னு நினைச்சேன்" என்றான். ஆக, அவனும் ஒன்றரை மாதமாக என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ஸாயோ முப்பத்தோராம் தேதி பஸ்ஸில் வந்தாள். கினு அவளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். ஸ்வெட்டரைக் கொடுத்தாள். பிரிந்தபோது இருந்த எட்டு வயசுப் பெண்ணை மனசில் வைத்துப் பின்னியிருக்கிறாள் போல, இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. "சின்னதா இருக்கு" என்றாள் அந்தப் பெண். கழற்றவில்லை.

என்னிடம் நேராகக் கேட்டாள். "எப்ப நான் திரும்பிப் போகணும்?"

"லீவு முடியற வரைக்கும் இரு."

"அதுக்கு முன்னாடி போகச் சொன்னா முன்னாடியே சொல்லிடுங்க. கடைசி பஸ் நாலு மணிக்கு."

அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றினவள், அதைத் தாளில் சுற்றி உள்ளே எடுத்துவந்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. சாப்பிடுவாள், அம்மா பேசுவதைக் கேட்பாள், செருப்பு மட்டும் பக்கத்திலேயே இருக்கும். கினு என்னைப் பார்த்தாள், நான் கினுவைப் பார்த்தேன்.

நேற்று அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் பாத்தி வட்டம் இன்னும் வெட்டவில்லை, மொட்டு இப்போதுதான் நிறம் காட்டுகிறது. "இது மட்டும் ஏன் லேட்டு?" என்றாள். உங்க அம்மா இங்க உக்காந்துதான் உனக்குப் பின்னினா, இதுங்களைத் தூங்கவிடல என்றேன். வட்டத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். விளக்கு எங்கே தொங்கியது என்று கேட்டாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

இன்று காலை எழுந்து வாசலுக்குப் போனேன். என் ரப்பர் பூட்ஸ், கினுவின் மரச்செருப்பு. அவற்றுக்குப் பக்கத்தில், ஆலையில் கொடுத்த கறுப்புச் செருப்பு, முனை உள்பக்கம் பார்த்து.

லீவு முடிகிறது, நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். அவளிடம் உனக்குக் கொஞ்சம் உப்பிலிட்ட முள்ளங்கி கொடுத்தனுப்புகிறேன்.

தெய்ஜி